கடல் தந்த கைத்தொழில்
(படகுத் தச்சர் அஃபா ஃபாக்ஸின் வாழ்க்கை வரலாறு)

யூபிலி மலர் என்றால் அதில் ஆலயத்தின் வரலாறு இருக்கும். பணியாற்றிய குருக்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். பக்த சபைகளின் அறிக்கைகள் இருக்கும். அவை யாவும் இம்மலரின் பிற பக்கங்களில் முறையாக இடம் பெற்றுள்ளன. எனினும், இளைஞர்கள் படித்துப் பயன் பெறத்தக்க வரலாற்றுக் கட்டுரை ஒன்றும் வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். அரசர்களைப் பற்றியும் தளபதிகளைப் பற்றியும் பள்ளிக்கூடப் புத்தகங்களே போதுமான அளவு சொல்லி விடுகின்றன. ஆகவே உளியும் சுத்தியும் பிடித்த ஒருவரின் வாழ்க்கையை எழுதலாம் என்று நாம் முடிவு செய்தோம். நம் பங்கில் கடலை நம்பி வாழும் குடும்பங்களும் உண்டு, தச்சு வேலையால் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. இவ்விரு சாராரும் தம்மவர் என்று உரிமை பாராட்டத் தக்க ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் அஃபா ஃபாக்ஸ்.

இவர் சிறு பாய்ப்படகுப் பந்தயத்தில் தம் காலத்தில் முன்னணியில் நின்ற வீரர். தாம் ஓட்டிய படகைத் தாமே வரைந்து தாமே கட்டியவர். இத்தகைய சிறு படகை ஆங்கிலேயர் 'டிங்கி' என்பர். இச்சொல் ஆங்கிலச் சொல் அன்று. வங்காளம், இந்தி ஆகிய நம் நாட்டு மொழிகளிலிருந்து அவர்கள் எடுத்துச் சென்ற சொல். 'கட்டுமரம்' என்ற நம் தமிழ்ச் சொல் உருமாறி 'கேட்டமரான்' ஆகி உலகமெங்கும் உலவுவதை நாம் அறிவோம். ஆகவே அவர்கள் கடலின் கதையில் நமக்கும் ஓரளவு பங்கு உண்டு எனலாம்.

தீவும் சிறுவனும்

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே வைட் தீவு உள்ளது. தீவுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள குறுகிய கடலுக்குச் சோலன்ட் என்று பெயர். தீவின் வடமுனையில் மெடினா என்னும் ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றின் ஒரு கரையில் கௌஸ் நகரும், மறு கரையில் கிழக்குக் கௌஸ் நகரும் உள்ளன. பாய்ப்படகுப் பந்தயத்திற்கு இவ்வூர் பெயர் பெற்றது. 1815-ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு பெரிய படகுச் சங்கம் இங்குதான் இயங்குகிறது. 1851-ஆம் ஆண்டில் 'அமெரிக்கா' என்ற கப்பல் இத்தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் வென்றது. அன்று அது பெற்ற கோப்பையே இன்று வரை 'அமெரிக்கக் கோப்பை' என்று வழங்குகிறது.

இத்தீவில் 1898-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் அஃபா பிறந்தார். பழங்காலத்தில் கிழக்கு ஆங்கிலியப் பகுதியை ஆண்ட அரசர் ஒருவரின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். கிழக்குக் கௌஸின் அருகில் உள்ள ஆஸ்போர்ன் மாளிகையில்தான் விக்டோரியா மகாராணி 1901-ஆம் ஆண்டு சனவரியில் காலமானார். அப்போது அஃபாவுக்கு மூன்று வயது. கிழக்கே மாளிகையும், மேற்கே செல்வந்தர்களின் உல்லாசக் கப்பல்களும், நடுவே ஆற்றங்கரையில் உழைப்பாளிகளின் படகுக் கொட்டில்களுமாக அமைந்த ஊர் அது. சிறுவன் அஃபா மூன்றாவது இடத்தில்தான் வளர்ந்தான்.

பயிற்சிக் காலம்

உரிய வயது வந்ததும் அவர் கிழக்குக் கௌஸில் இருந்த சாண்டர்ஸ் என்பவரின் படகுத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். ஏழு ஆண்டுப் பயிற்சி அது. அக்காலத்துப் பயிற்சி இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்களைப் போன்றது அன்று. மரத்தைச் சுமப்பதும், கொட்டிலைப் பெருக்குவதும், மூத்த தச்சருக்கு ஆணி எடுத்துக் கொடுப்பதுமே ஆரம்பப் பாடங்கள். பார்த்துப் பார்த்தே கற்க வேண்டும்.

அங்கே அவர் பார்த்தவை சாதாரணமானவை அல்ல. சாண்டர்ஸ் ஒரு புதுமையான முறையைக் கையாண்டு வந்தார். தடித்த பலகைகளைப் பயன்படுத்தாமல், மெல்லிய மகாகனித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே நீர் புகாத துணியைக் கொடுத்து, அனைத்தையும் செப்புக் கம்பியால் தைத்து விடுவார். இம்முறையில் கட்டப்பட்ட 'கன்சூட்டா' என்னும் நீராவிப் படகு, அஃபா பிறந்த அதே 1898-ஆம் ஆண்டில் நீரில் இறங்கியது. கன்சூட்டா என்றால் லத்தீன் மொழியில் 'தைக்கப்பட்டது' என்று பொருள். நம் சோழமண்டலக் கரையிலும் அலை மிகுந்த இடங்களில் ஆணி அடிக்காமல் தென்னங் கயிற்றால் பலகைகளைத் தைத்தே மசூலாப் படகுகளைக் கட்டினர் என்பதை மூத்தோர் அறிவர். ஆணி அடித்த படகு அலையில் அடிபட்டால் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். வெவ்வேறு கரையில் வாழ்ந்த தச்சர்கள் ஒரே உண்மையைக் கண்டு கொண்டது வியப்புக்குரியது.

அதே தொழிற்சாலையில்தான் 'மேப்பிள் லீஃப் 4' என்ற விசைப்படகும் உருவாயிற்று. 1912, 1913 ஆகிய இரு ஆண்டுகளிலும் அது சர்வதேச விசைப்படகுக் கோப்பையை வென்றது. அப்படகின் அடிப்பாகம் படிக்கட்டுப் போல் வெட்டப்பட்டிருந்தது. வேகம் கூடியதும் அது நீரைக் கிழித்துச் செல்லாமல், நீரின்மேல் எழும்பிச் சறுக்கிச் சென்றது. கடலில் இறங்கக்கூடிய விமானங்களும் அங்கே கட்டப்பட்டன. எடையைக் குறைத்தால் எவ்வளவு நன்மை என்பதை விமானத் தொழிலைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பள்ளி வேறில்லை. இவற்றை எல்லாம் ஒரு பதினைந்து வயதுப் பையன் உடனிருந்து பார்த்தான். பிற்காலத்தில் அவர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் விதை அங்கேயே விழுந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

முதல் உலகப் போரில் அவர் கடற்படையின் விமானப் பிரிவில் சேவை செய்தார். போர் முடிந்ததும் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கையில் பணம் இல்லை. கொட்டில் கட்ட நிலமும் இல்லை. கௌசுக்கும் கிழக்குக் கௌசுக்கும் இடையே மெடினா ஆற்றில் சங்கிலியைப் பற்றிக் கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் மிதவை ஒன்று உண்டு. 'மிதக்கும் பாலம்' என்று அதை அழைப்பர். பழசாகி ஒதுக்கப்பட்ட அத்தகைய மிதவை ஒன்றை அஃபா வாங்கினார். ஒரு பகுதியைப் பட்டறையாகவும், மறு பகுதியை வீடாகவும் மாற்றிக் கொண்டார். நிலம் இல்லாதவன் நீரின்மேல் குடியேறினான். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பந்தயப் படகுகள் பல அந்த மிதவையிலிருந்துதான் இறங்கின.

துணிச்சலும் அதன் மறுபக்கமும்

அஃபா துணிச்சல்காரர். 1920-ஆம் ஆண்டில் 'டைஃபூன்' என்ற சிறு கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். அதே துணிச்சல் சில வேளைகளில் எல்லை மீறியதும் உண்டு. கடற்சாரணச் சிறுவர்களுக்கு அவர் தலைவராக இருந்த காலத்தில், திறந்த படகு ஒன்றில் அவர்களை ஏற்றிக் கொண்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சு நாட்டின் சேன் ஆறு வரை சென்று திரும்பினார். பெற்றோர்களுக்கு இச்செய்தி முன்கூட்டித் தெரியாது. அவர்கள் கோபம் கொண்டதில் வியப்பில்லை. சிறுவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள் என்பது உண்மைதான். ஆயினும் பிறர் பிள்ளைகளின் உயிரைப் பெற்றோர் அறியாமல் பணயம் வைப்பதை நாம் வீரம் என்று போற்ற இயலாது. பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் அது புகழுரை ஆகும், வரலாறு ஆகாது. ஆகவே இதையும் எழுதி வைக்கிறோம்.

கணக்கு வழக்கிலும் அவர் கெட்டிக்காரர் அல்லர். வந்த பணம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது. ஒரு படகு விற்ற பணத்தை அடுத்த படகின் சோதனைக்குச் செலவிட்டு விடுவார். தொழிலாளியின் திறமையும் வியாபாரியின் திறமையும் ஒருவரிடமே அமைவது அரிது. அமையாதபோது, கணக்குத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக் கொள்வதே விவேகம்.

'அவெஞ்சர்' என்னும் படகு

இனி அவரது புகழுக்குக் காரணமான படகைப் பற்றிச் சொல்வோம். பதினான்கு அடி நீளமுள்ள பாய்ப்படகு வகை ஒன்று இங்கிலாந்தில் பிரபலமாக இருந்தது. 1927-ஆம் ஆண்டு முதல் அவ்வகைப் படகுகளுக்கு 'வேல்ஸ் இளவரசர் கோப்பை' என்ற பந்தயம் ஆண்டுதோறும் நடந்தது. 1928-ஆம் ஆண்டில் அஃபா அப்பந்தயத்துக்காக 'அவெஞ்சர்' என்ற படகைக் கட்டினார்.

அதன் சிறப்பை விளங்கிக் கொள்ள வேண்டுமானால், படகு ஓடும் விதத்தைச் சற்று அறிய வேண்டும். நீரில் செல்லும் எந்தப் படகும் முன்னே ஓர் அலையையும் பின்னே ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அவ்விரு அலைகளுக்கும் இடையே உள்ள தூரம் நீளும். அத்தூரம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தான் எழுப்பிய இரு அலைகளுக்கு நடுவே பள்ளத்தில் அகப்பட்டுக் கொள்கிறது. அதன் பின் காற்று எவ்வளவு வீசினாலும் வேகம் கூடாது; மேட்டில் ஏற முடியாத மாட்டு வண்டியைப் போல் நிற்கும். பதினான்கு அடிப் படகுக்கு இந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ ஐந்து கடல் மைல். படகு நீளமானால் வேகம் கூடும். சிறு படகு மெதுவாகத்தான் போகும் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது.

அஃபா விசைப்படகில் கண்டதைப் பாய்ப்படகில் செய்து காட்ட முனைந்தார். முன்பக்கமாகிய அணியத்தை நீரை வெட்டும் கூர்மையோடு அமைத்தார். பின்பக்கம் போகப் போக அடிப்பாகத்தைத் தட்டையாக்கினார். படகு தன் முன்னலையின்மேல் ஏறி, நீர்ப்பரப்பில் சறுக்கிச் செல்வதற்கு இவ்வடிவம் இடம் கொடுத்தது. ஆனால் வடிவம் மட்டும் போதாது. எடையும் குறைய வேண்டும். எடை நன்மை தருவது ரோடு போடும் ரோலருக்கு மட்டுமே என்ற கருத்தில் அவர் வேடிக்கையாகக் கூறுவது வழக்கமாம். ஆகவே மெல்லிய பலகைகளையும், நெருக்கமாக அமைந்த மெல்லிய வங்குகளையும் வைத்துக் கட்டினார். காற்று பலமாக வீசும்போது படகு சாயாதிருக்க, ஓட்டுவோர் தம் உடலைப் படகுக்கு வெளியே சாய்த்து எடை கொடுக்க வேண்டும். ஓட்டுபவரின் உடலும் படகின் ஓர் உறுப்பாயிற்று.

விளைவு என்ன? 'அவெஞ்சர்' அவ்வாண்டில் வேல்ஸ் இளவரசர் கோப்பையை வென்றது. அது கலந்து கொண்ட 57 பந்தயங்களில் 52-இல் முதலிடம் பெற்றது. இரண்டில் இரண்டாமிடம், மூன்றில் மூன்றாமிடம். இத்துடன் அஃபா நிறுத்தவில்லை. அதே திறந்த படகில், கால்வாயைக் கடந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவில் உள்ள பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்துக்குத் துணைவர்களோடு சென்றார். அங்கே பந்தயத்தில் வென்றார். அதே படகில் ஊர் திரும்பினார். மெல்லிய படகு பந்தயக் குளத்துக்குத்தான் ஆகும், கடலுக்கு ஆகாது என்று கூறியவர்கள் வாயடைத்துப் போயினர்.

நீரில் சறுக்கிச் செல்லும் படகு அதற்கு முன் எங்குமே இருந்ததில்லை என்று நாம் சொல்லவில்லை. காற்று மிகும்போது தட்டையான படகு சில வேளை எழும்பிச் செல்வதைப் பலர் கண்டிருந்தனர். தற்செயலாக நிகழ்ந்ததை, கணக்கிட்டு, வரைந்து, வேண்டும்போதெல்லாம் நிகழச் செய்தவர் அஃபா. கண்டுபிடிப்பு என்பது பெரும்பாலும் இத்தகையதே. 1933-ஆம் ஆண்டில் அவரும் ரோஜர் டி குயின்சி என்ற நண்பரும் தாங்கள் கட்டிய பாய்வைத்த கேனோப் படகுகளுடன் அமெரிக்கா சென்று, நியூயார்க் சங்கத்தின் சர்வதேசக் கோப்பையை வென்று வந்தனர். அடுத்த ஆண்டில் அவர் தம் முதல் பெரிய நூலை வெளியிட்டார். படகுகளின் வரைபடங்களை மறைத்து வைக்காமல் அளவுகளோடு அச்சிட்டுக் கொடுத்தார். தொழில் இரகசியம் என்று பூட்டி வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

வானிலிருந்து இறங்கிய படகு

இதுவரை நாம் சொன்னது விளையாட்டின் கதை. விளையாட்டில் கற்றது உயிர் காக்கும் நாளில் உதவியதை இனிச் சொல்வோம்.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் விமானங்கள் இரவு தோறும் வடகடலைக் கடந்து சென்றன. அடிபட்ட விமானங்கள் பல ஊர் திரும்ப முடியாமல் கடலில் விழுந்தன. விமானிகள் ரப்பர் மிதவையில் ஏறி மிதந்தனர். அந்த மிதவைக்குச் சுக்கானும் இல்லை, பாயும் இல்லை. காற்று தள்ளிய பக்கம் போகும். பகைவர் கரைக்கு அருகே விழுந்தவர்களை மீட்கக் கப்பல் செல்ல முடியாது. மேலே விமானத்திலிருந்து பார்ப்பவர்கள் அவர்களைக் காண முடியும்; காப்பாற்ற முடியாது. வடகடலின் குளிரில் மனிதன் நெடுநேரம் தாங்க மாட்டான்.

மிதவைக்குப் பதிலாக ஓட்டிச் செல்லக்கூடிய படகையே விமானத்திலிருந்து போட்டால் என்ன என்ற எண்ணம் விமானப் படையினரிடையே எழுந்தது. அப்படகை வரைந்து கட்டும் பொறுப்பில் அஃபா ஈடுபட்டார். எத்தனை சிக்கல்கள்! விமானத்தின் வயிற்றோடு பொருந்தும் வடிவம் வேண்டும். விமானம் தூக்கும் எடைக்குள் அடங்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது. கவிழ்ந்தால் தானே நிமிர வேண்டும். உள்ளே வந்த நீர் தானே வெளியேற வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, படகோட்டவே தெரியாத, குளிரில் விறைத்துப் போன மனிதர்கள் அதை ஓட்டிக் கரை சேர வேண்டும்.

ஏறத்தாழ 1,700 பவுண்டு எடையுள்ள அப்படகு, ஹட்சன் விமானத்தின் அடியில் தொங்கிச் சென்றது. ஏறத்தாழ 700 அடி உயரத்தில் அதை விடுவிப்பார்கள். ஆறு பாராசூட்டுகள் விரிந்து அதை மெல்ல இறக்கும். இறங்கும்போதே முன்னும் பின்னும் உள்ள காற்றுப் பைகள் உப்பிக் கொள்ளும். படகு கவிழாமல் காப்பவை இவையே. நீரைத் தொட்டதும் பாராசூட்டுகள் கழன்று விடும். சிறு ராக்கெட்டுகள் வெடித்துப் படகின் இரு பக்கமும் நீண்ட கயிறுகளை வீசும். மிதவையில் இருப்போர் அக்கயிற்றைப் பற்றி இழுத்துப் படகை அடையலாம். உள்ளே எஞ்சின், எரிபொருள், பாய், துடுப்பு, உலர்ந்த உடை, உணவு, குடிநீர் எல்லாம் உண்டு. பாய் விரிப்பது எப்படி, சுக்கான் பிடிப்பது எப்படி என்ற விளக்கக் குறிப்பும் உண்டு. விமானிகளுக்குப் படகுப் பாடம் கடலிலேயே நடந்தது.

1943-ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்படகு முதன் முதலாகப் பயன்பட்டது. வடகடலில் விழுந்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் குழுவினருக்கு அது வானிலிருந்து இறங்கியது. அவர்கள் ஏறிக் கொண்டு இங்கிலாந்தை நோக்கிப் படகைச் செலுத்தினர். வழியில் மீட்புக் கப்பல்கள் அவர்களைச் சந்தித்தன. அதன்பின் போர் முடியும் வரை பல விமானிகள் இவ்வகையில் உயிர் தப்பினர்.

இதில் ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். எடையைக் குறைப்பது, மெல்லிய மரத்தில் வலிமையைக் காண்பது, நீரை எதிர்க்காமல் அதன்மேல் எழும்பிச் செல்வது ஆகிய இப்பாடங்களை எல்லாம் அஃபா கோப்பைகளுக்காகவே கற்றார். வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று அதைச் சிலர் இகழ்ந்திருக்கலாம். ஆனால் ஆபத்து நாள் வந்தபோது, அந்தப் பொழுதுபோக்கில் தேர்ந்த கைகளே தேவைப்பட்டன. ஒரு தொழிலை முழு மனத்தோடு கற்பவன், அது யாருக்கு எப்போது உதவும் என்று முன்கூட்டி அறிய மாட்டான். ஆயினும் கற்றுக் கொண்டே இருக்க வேண்டும். தேவை வரும் நாளில் கற்கத் தொடங்கினால் காலம் போதாது.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் விமானத் தொழிற்சாலைகளுக்கு வேலை குறைந்தது. ஃபேரி என்ற விமான நிறுவனத்தின் படகுப் பிரிவு, ஹாம்பிள் என்ற ஊரில் மரப் படகுகளைக் கட்டத் தொடங்கியது. மெல்லிய மரத் தகடுகளை அச்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, பசை தடவி, ரப்பர் உறையால் மூடி, பெரிய கொப்பரை போன்ற கலத்துக்குள் வைத்து நீராவியால் சூடேற்றி அழுத்தினால், ஆணியே இல்லாத ஒரே வார்ப்பான படகு வெளிவரும். இம்முறைக்கு ஏற்ற படகுகளை அஃபா வரைந்து கொடுத்தார். 'ஃபயர்ஃபிளை', 'சுவார்ட்ஃபிஷ்', 'ஆல்பகோர்' என்று அப்படகுகளுக்கு அந்நிறுவனத்தின் விமானங்களின் பெயர்களையே சூட்டினர். ஒரே அச்சில் வார்த்த படகுகள் ஒன்றுக்கொன்று வேறுபடா. ஆகவே பணக்காரனின் படகு, ஏழையின் படகு என்ற வேறுபாடு பந்தயத்தில் குறைந்தது. ஓட்டுபவரின் திறமையே வெற்றியைத் தீர்மானித்தது. ஒரு காலத்தில் சிலருக்கே உரியதாக இருந்த விளையாட்டு இதனால் பலரை எட்டியது.

1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் இலண்டனில் நடந்தபோது, படகுப் பந்தயங்கள் டார்க்கி என்ற கடற்கரை நகரில் நடைபெற்றன. ஒருவரே ஓட்டும் பந்தயத்துக்கு அஃபாவின் பன்னிரண்டு அடி 'ஃபயர்ஃபிளை' தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் தங்கப் பதக்கம் பெற்றவர் டென்மார்க் நாட்டின் பால் எல்வ்ஸ்ட்ரோம் என்ற இருபது வயது இளைஞர். முதல் பந்தயத்தை அவர் முடிக்கவே இல்லை. ஆனால் கடைசி இரு பந்தயங்களிலும் முதலாவதாக வந்து பதக்கத்தைத் தட்டிச் சென்றார். அதன்பின் 1952, 1956, 1960 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் வேறு வகைப் படகில் தங்கம் வென்று, அவ்விளையாட்டின் மாபெரும் வீரராக விளங்கினார். அவரும் பாய் தைத்து விற்கும் தொழில் நடத்தியவரே. 1984-ஆம் ஆண்டில், 56 வயதில், தம் மகளுடன் சேர்ந்து ஒலிம்பிக்கில் அவர் ஓட்டிய படகு எது தெரியுமா? இரட்டை உடல் கொண்ட 'டோர்னடோ' என்னும் கேட்டமரான்! நம் மூதாதையர் கட்டிய மரத்தின் பெயரை அப்படகு வகை தாங்கி நின்றது.

1947-ஆம் ஆண்டில் அஃபா 'ஃபிளையிங் ஃபிஃப்டீன்' என்ற படகை வரைந்தார். அதன் அடியில் கனமான ஏராக்கட்டை உண்டு. ஆயினும் சிறு படகைப் போலவே சறுக்கி ஓடும். கௌஸ் நகர மக்கள் அவ்வகைப் படகு ஒன்றை இளவரசர் பிலிப்புக்குப் பரிசளித்தனர். இளவரசரும் அஃபாவும் ஒரே படகில் கௌஸ் பந்தயங்களில் கலந்து கொண்டதை ஊரார் கரையில் நின்று கண்டனர். படகில் உத்தரவிடுவது யார் என்பதில் கடலுக்குத் தன் சொந்த முறை உண்டு. அங்கே பட்டம் பதவி செல்லாது. 1959-ஆம் ஆண்டில் அரசாங்கம் அஃபாவுக்குச் சி.பி.இ. விருது வழங்கிச் சிறப்பித்தது.

இறுதி ஆண்டுகள்

எழுபது வயதை அடைந்த பின்னும் அவரது பென்சில் ஓயவில்லை. ஜான் ஃபேர்ஃபாக்ஸ் என்பவர் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டு அட்லாண்டிக்கைக் கடக்க விரும்பினார். அவருக்காக 'பிரிட்டானியா' என்ற படகை அஃபா வரைந்தார். கவிழ்ந்தால் தானே நிமிரும், வந்த நீரைத் தானே வெளியேற்றும் அந்தப் படகில், போர்க்காலத்து உயிர்காப்புப் படகின் அனுபவமே பயன்பட்டது. 1969-ஆம் ஆண்டு சனவரி 20-இல் கனாரித் தீவிலிருந்து புறப்பட்ட ஃபேர்ஃபாக்ஸ், 180 நாள் துடுப்புப் போட்டு, சூலை 19-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையை அடைந்தார். மறுநாள் மனிதன் நிலவில் கால் வைத்தான். அடுத்து, 'பிரிட்டானியா 2' என்ற படகில் அவரும் சில்வியா குக் என்ற பெண்மணியும் பசிபிக் பெருங்கடலைத் துடுப்பாலேயே கடந்து, 1972-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலியா சேர்ந்தனர். அப்படகும் அஃபா வரைந்ததே.

அதே ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், தம் 74-ஆம் வயதில் அஃபா ஃபாக்ஸ் காலமானார். வைட் தீவில் விப்பிங்ஹாம் என்ற ஊரின் தூய மில்ட்ரெட் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. விக்டோரியா மகாராணியின் குடும்பத்தார் வழிபட்ட ஆலயம் அது. அஃபாவின் கல்லறைக் கல்லில் கோப்பை எதுவும் செதுக்கப்படவில்லை. 52 வெற்றி பெற்ற 'அவெஞ்சரும்' செதுக்கப்படவில்லை. பாராசூட்டும் உயிர்காப்புப் படகுமே அங்கே செதுக்கப்பட்டுள்ளன. ஒரு மனிதனின் வாழ்வில் எது நிலைத்து நிற்கும் என்பதை அவ்வூரார் நன்கு உணர்ந்திருந்தனர் என்றே நாம் கருதுகிறோம்.

நமக்கு என்ன?

வைட் தீவு நமக்கு வெகு தொலைவு. ஆயினும் அங்கே நடந்தது நம் கரையோடு தொடர்பில்லாதது அன்று. 1980-களில் குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும், பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி, கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் மாற்றுத் தேட வேண்டிய நிலை வந்தது. அப்போது ப்ளைவுட் பலகைகளை வெட்டி, கம்பியால் தைத்து, பசையால் ஒட்டிக் கட்டும் படகுகள் அங்கே அறிமுகமாயின. மேல்நாட்டுச் சிறு பாய்ப்படகுகளில் வளர்ந்த முறை அது. விளையாட்டுப் படகுக்காகத் தோன்றிய கலை நம் மீனவர்களின் அடுப்பு எரிய உதவியது. பின்னர் ஃபைபர் படகுகள் பரவி, ப்ளைவுட் படகுகள் குறைந்து விட்டன. எனினும் அம்முறையைக் கற்ற கைகள் வீணாகவில்லை. உடைந்த படகைப் பழுது பார்க்கத் தெரிந்தவனுக்கு எக்கரையிலும் மதிப்பு உண்டு.

இளைஞர்களே, உங்களிடம் இரண்டு காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம். ஒன்று: தந்தையும் பாட்டனும் செய்த தொழிலைக் கேவலமாக எண்ணாதீர்கள். படித்து வேறு வேலைக்குச் செல்வது நல்லதே. அதை நாம் ஊக்குவிக்கிறோம். ஆனால் செல்லும் முன், காற்றின் போக்கையும் மரத்தின் குணத்தையும் அறிந்த முதியவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். வாடைக்கும் கொண்டலுக்கும் பாயை எப்படி மாற்றுவது என்று அறிந்த கடைசித் தலைமுறை இன்னும் நம் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் போன பின் அந்தக் கல்வியை எப்பள்ளியிலும் பெற முடியாது.

மற்றொன்று: கடலில் இறங்குவோர் உயிர்காப்பு அங்கியைப் படகின் மூலையில் சுருட்டி வைக்காமல் உடலில் அணியுங்கள். பெருங்கடலைக் கடந்த அஃபாவே, கவிழாத படகு என்று ஒன்றை வரையவில்லை. கவிழ்ந்தாலும் நிமிரும் படகையே வரைந்தார். கடல் நம்மைவிடப் பெரியது என்பதை அறிந்தவரின் அடக்கம் அது. அந்த அடக்கத்தோடு நம் மக்கள் யாவரும் கடலுக்குச் சென்று, நிறைந்த வலையோடும் நலமான உடலோடும் கரை திரும்ப வேண்டும் என்று இந்த யூபிலி ஆண்டில் வாழ்த்துகிறோம்.